ஏறிய சார்ஜ் எங்கே போகிறது?

ஆகஸ்ட் 4, திங்கள்

மஸ்கட் கம்பெனியில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியை என் வீட்டுக்காரர் தங்கத்துரை எனக்கு அனுப்பிவிடுவார். ஜெபக்கூட்டத் தேதியைத் தவிர நான் அதில் எதுவும் எழுதியதில்லை. இன்றைக்கு எரிச்சல். யாரிடமாவது புலம்ப வேண்டும், மகளோ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறாள். அதனால் டைரி.

காலையில் காரில் சாவியைத் திருகினால் டிக் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, எஞ்சின் அசையவில்லை. மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு நவமணியின் தலை.

"என்ன பியூலா, வண்டி முனங்குது?"

எனக்கு முன்னால் அவளுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

மாகாளி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரரோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவர். இந்த ஊர்க்காரர், ஆனால் கடை மேம்பாலம் தாண்டி பாளையங்கோட்டை ரோட்டில். எங்கள் ஊரில் வளைகுடாக்காரர் வீட்டுக் கார் எல்லாவற்றுக்கும் கரண்ட் வேலை அவர்தான். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு பேட்டரியை நிறுத்திக்கொண்டு வந்தார். வாய் மட்டும் ஊரளவு. மற்ற வீட்டுப் பெண்களை 'மேடம்' என்பார், என்னைத் 'தங்கச்சி' என்பார்.

பானட்டைத் திறந்து, பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியில் வெந்நீர் ஊற்றிக் கழுவினார். மீட்டரை வைத்தார்.

"நிக்கும்போது பன்னிரண்டரைக்கு மேல இருக்கணும் தங்கச்சி. பதினொண்ணுதான் இருக்கு." தன் பேட்டரியை இணைத்துக் கிளப்பி, மறுபடி பார்த்தார். "ஓடும்போது பதினாலேகால். அப்ப சார்ஜ் ஏறுது. வண்டிய தினமும் எடுக்கீங்கள்லா?"

"ஆமா அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்குப் போயிட்டு வருதேன்."

"அப்ப ஓட்டத்துக்குக் குறைச்சலில்ல. பொடிதான் காரணம். இனிமே கிளம்பலன்னா நான் மீசைய எடுத்துடுதேன்."

பாளையங்கோட்டையில் நான் ரத்தம் எடுக்கும் லேபுக்கு லேட். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிளம்பியது. எங்கள் வேதக்கோயிலுக்குப் பின்னால் புன்னை மரத்தடியில் விட்டேன். டவுனில் நிறுத்த இடமே கிடைப்பதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. வழக்கம்போல வாட்ஸாப்பில் வந்தார். வழக்கம்போல, "ஏட்டி, போனை பானட்டுல வை" என்றார்.

இது எங்கள் வீட்டுச் சடங்கு. நான் காரைக் கிளப்பி, போனை பானட்டின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். கடலுக்கு அந்தப் பக்கம் அறையில் நாலைந்து பேர் படுத்திருப்பார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடுவார்.

"கேட்டியால? எங்க வீட்டு டிரைவர் என் பொண்டாட்டிதான். எங்க குடும்பத்துலயே கார் ஓட்டுத முதல் பொம்பள."

அறையில் யாரோ கை தட்டினார்கள். நான் முந்தானையால் பானட்டுத் தூசியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

காலை லேபில் ஒரு ஐயா. வெறும் வயிற்றுச் சுகர் பார்க்க வந்தவர்.

"சாப்பிட்டீங்களா?"

"பச்சத் தண்ணிகூட இல்லம்மா."

மீசையில் காபி நுரை காயவில்லை. பிடித்து வாங்கிவிட்டேன். "எனக்காகவா ஊசி குத்துதேன்? நீங்க பொய் சொன்னா மிஷினும் பொய் சொல்லும். அந்தப் பொய்க்கு டாக்டர் மாத்திரை எழுதுவாரு. அதை முழுங்கப்போறது யாரு?" வரிசையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு போனார். என் வாய்க்கு லேபில் நல்ல பெயர் உண்டு.

சாயங்காலம் ஏழு மணிக்குப் புன்னை மரத்தடியில் கார் கிளம்பவில்லை. மணியடிக்கும் கோயில்குட்டியார்தான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் விட்டார். எதுவும் கேட்கவில்லை. தினமும் பார்க்கிறவருக்கு என்ன கேள்வி?

ஆகஸ்ட் 14, வியாழன்

மாகாளி அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டிப் புதிது மாட்டினார். மறுபடியும் கேட்டார், தினமும் ஓடுகிறதா என்று. மறுபடியும் ஆமாம் என்றேன்.

"ஏசி, பாட்டு எல்லாம் ஓடும்போதுதானே போடுதீங்க?"

"பின்ன?"

ஆகஸ்ட் 21, வியாழன்

மழை வருவதுபோல் ஒரு புழுக்கம். மரத்தடியில் எஞ்சினை அணைத்துவிட்டு, ஃபேனை வைத்து, பாட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குப் போயே தீருவது என்றுதான் இருந்தேன். கீர்த்தனை முடிந்து அடுத்தது வந்தது, அதுவும் முடிந்தது. பஸ் வரும் சத்தம் கேட்டதும் இறங்கி ஓடினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கோயில்குட்டியார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "அம்மா, நாளைக்கு ஒரு கல்யாணம். பந்தல்காரன் வாரான். வண்டிய வேற எங்கயாவது விட்டுக்கிடுதீங்களா?"

தலைவலி என்று நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

புதுப் பேட்டரியும் செத்துவிட்டது. வாசலில், நவமணி சாட்சியாக.

அண்ணாச்சி இந்த முறை வாய்ச்சவடால் அடிக்கவில்லை. பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைப் பிரித்துச் சுரண்டி மாட்டினார். கிளப்பி மீட்டரை வைத்தார். அதே பதினாலேகால். லைட்டைப் போட்டார், ஏசியைப் போட்டார், பதினாலுக்குக் கீழே இறங்கவில்லை.

"ஏறுதது நல்லா ஏறுது தங்கச்சி. ஏறுன சார்ஜ் எங்க போகுது?"

நான் அவருக்குக் காபி போட உள்ளே போய்விட்டேன்.

"நிக்கும்போது எங்கயோ ஒழுகுது. இல்லன்னா சார்ஜ் ஏத்துத ஆல்டர்னேட்டர் சூடானப்புறம் படுத்துக்கிடுது. வண்டிய நான் கொண்டுபோறேன். மூணு நாள் கடையில கெடக்கட்டும்."

அவரே ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனையில் திரும்பும்போது எவ்வளவு அலட்சியமாக ஒரு கையால் வளைத்தார்!

செப்டம்பர் 4, வியாழன்

கார் இல்லை. பட்டப்பகலில் தலை நிமிர்ந்து நடந்து போய், பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் பார்க்க நின்றேன். "வண்டி வேலைக்குப் போயிருக்கு" என்று நவமணியிடம் நானாகவே சொன்னேன். உண்மை பேசுவது எவ்வளவு சுகம். கார் அங்கேயே கிடந்தால் தேவலை என்றிருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

வண்டியைக் கொண்டுவந்து விட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டி, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். ஒழுகல் ஒன்றுமில்லை. ஆல்டர்னேட்டரைக் கழற்றி மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். பழுதில்லாவிட்டாலும் இருக்கட்டும் என்று உள்ளே கார்பனும் ரெகுலேட்டரும் புதிதாக மாற்றியிருக்கிறார்.

"என் கடையில நின்னா எறங்க மாட்டேங்கு. நான் ஓட்டிட்டு வந்தா சிங்கம் மாதிரி வருது. ஒங்க வீட்டுல என்னதான் ஆகுது அதுக்கு?"

"தெரியலையே அண்ணாச்சி" என்றேன். என் காதுக்கே அந்தக் குரல் அந்தக் காபி ஐயாவின் குரலாகக் கேட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்று மறுபடியும் டிக் டிக். போன வெள்ளி, வண்டி கடையில் என்று மட்டும் சொல்லிச் சமாளித்தேன். இன்றும் பானட்டில் போன் வைக்க வழியில்லை. சொல்ல வேண்டியதாயிற்று.

"புது பேட்டரி ஒரு மாசத்துல எப்படிச் சாகும்?" என்று அங்கே குதித்தார். "பழசுல ஸ்டிக்கரை ஒட்டி மாட்டிருக்கான். நல்லா இருந்த ஆல்டர்னேட்டர எதுக்குப் பிரிச்சான்? மஸ்கட் வீடுன்னா ஏமாத்தலாம்னு நெனச்சுட்டான்."

"அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு அத்தான்."

"அப்ப என்னதான் காரணம், நீ சொல்லு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "நான் என்னத்தக் கண்டேன்" என்றேன்.

அரை மணி நேரத்தில் 'நம்ம ஊர் வளைகுடா உறவுகள்' குரூப்பில் அவர் போட்டது வந்தது: மாகாளி கடைப் பக்கம் யாரும் போகாதீங்க. புது பேட்டரின்னு சொல்லிப் பழசை மாட்டிட்டான். கூடப் படிச்சவன்னு நம்பி மோசம் போனேன்.

கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். ஒருத்தர், எனக்கும் அப்போதே சந்தேகம் என்கிறார். அவர் வீட்டுக் காருக்கு ஏழு வருஷமாக இந்த மாகாளிதான் வேலை பார்க்கிறார், ஒரு நாள் நடுவழியில் நின்றதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நவமணி மகன் தன் காரை அண்ணாச்சி கடையிலிருந்து எடுத்து வேறிடத்தில் விட்டுவிட்டானாம். கோயில் வாசலிலேயே சொன்னாள். "ஒன் புண்ணியத்துல நாங்க தப்பிச்சோம் பியூலா."

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பத்துக் கட்டளை ஒப்பித்தார்கள். 'பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்று ஒன்பதாவது வந்தபோது நான் பாயில் பிரிந்திருந்த கோரையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

ஜூன் மாதம். லைசென்ஸ் வாங்கி, அவர் லீவு முடிந்து போய், நான் தனியாக ஓட்டிய இரண்டாவது வாரம். ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்தில் முன்னால் லாரி நின்றது, நானும் நின்றேன். கிளம்பும்போது ஆஃப் ஆனது. மறுபடி கிளப்பினேன், மறுபடி ஆஃப். கார் பின்னால் உருண்டு ஒரு ஷேர் ஆட்டோவின் மூக்கில் முட்டியது. பாலம் முழுக்க ஹாரன். என் கால் பிரேக்கை விட்டு எழவில்லை.

ஒரு பஸ் கண்டக்டர் இறங்கி வந்து கதவைத் திறந்தான். "யக்கா, அந்தப் பக்கம் நவுருங்க." நான் கியர்க் கம்பியைத் தாண்டிப் பக்கத்து சீட்டுக்குப் போனேன். புடவை ஹேண்ட் பிரேக்கில் மாட்டிக்கொண்டது, முழங்கால் தெரிந்தது. பஸ் ஜன்னலெல்லாம் தலைகள். என் லேபுக்கு வருகிற முகங்களும் அதில் இருந்தன. அவன் பாலத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "நீங்க ஸ்கூட்டியே ஓட்டுங்க யக்கா, அதான் லட்சணம்" என்றான்.

நான் அவனுக்கு நன்றி சொன்னேன். மற்றதைக்கூட மறந்துவிடுவேன், கைகூப்பி நன்றி சொன்னதை மறக்க முடியவில்லை.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரை வரவழைத்து வண்டியை வீட்டில் சேர்த்தேன். அன்றிலிருந்து கோயில் முனைக்கு அப்பால் நான் போகவில்லை. வீட்டிலிருந்து புன்னை மரம், மரத்திலிருந்து வீடு. தெரு பார்க்க வேண்டும், நவமணி பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை சத்தம் கேட்க வேண்டும். அந்த ஓட்டத்தில் பேட்டரிக்கு என்ன ஏறும்? கிளப்பச் செலவானதுகூடத் திரும்பாது. அதற்குமேல் ஃபேனும் பாட்டும். இது எனக்கு இப்போதுதான் தெரியும் என்று எழுதினால் அதுவும் பொய். அன்றைக்கு அண்ணாச்சி ஏசியைப் பற்றிக் கேட்டாரே, அப்போதே தெரியும்.

செப்டம்பர் 18, வியாழன்

லேபில் வரிசையில் மாகாளி அண்ணாச்சி. தலை சுற்றுகிறதாம், டாக்டர் சுகர் பார்க்கச் சொன்னாராம். ஆள் இளைத்திருந்தார். கை நீட்டினார், ரப்பரைக் கட்டினேன். பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"சாப்பிட்டீங்களா?"

"ஒரு டீ குடிச்சுட்டேன் தங்கச்சி. வாசல்ல வந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு." ரப்பரைத் தானே அவிழ்த்தார். "உள்ளத மறைச்சா நீங்க என்னத்தப் பாக்க முடியும்? நாளைக்கு வெறும் வயித்தோட வாரேன்."

ஊசியைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

எழுந்தவர் போகவில்லை. "கடையில ஈ ஓட்டுதேன். அதுகூடப் போகட்டும். என்மேலயே எனக்குச் சந்தேகம் வந்துட்டு. மீட்டர்தான் பொய் சொல்லுதோன்னு புதுசு வாங்கிட்டேன். அதுவும் பதினாலேகால்தான் காட்டுது." ஜன்னல் வழியாக லேப் வாசலைப் பார்த்தார். "வண்டி எங்க நிக்கி? ஒடனே ஒரு நிமிஷம் வோல்ட் பாத்துருவோம். ஓடி வந்த சூட்டோட பாத்தா ஏதாவது புடிபடும்."

"இன்னைக்கு பஸ்ஸுல வந்தேன் அண்ணாச்சி."

அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை. அதையும் பொய்யாகத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

வெறும் வயிற்றோடு வந்தார். ரப்பரைக் கட்டினேன், நரம்பைத் தட்டினேன். அவர் எழுந்து போக முடியாத அந்த நேரத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது. எனக்கும் ஒரு தைரியம்!

"அண்ணாச்சி, வண்டியில ஒண்ணுமில்ல. நான் பாளையங்கோட்டைக்கு ஓட்டுததே இல்ல. கோயில் வரைக்கும்தான். அங்க நிறுத்திட்டு பஸ்ஸுல வாரேன். ஜூன்லருந்து."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்தத்த எடுங்க" என்றார்.

எடுத்தேன். பஞ்சை அழுத்திக்கொண்டே எழுந்தார். "கிலோமீட்டரப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பாக்கல. நீங்க சொன்னீங்க, அது போதும்னு இருந்துட்டேன்."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"எங்கிட்டச் சொல்லிட்டீங்க. அந்தக் குரூப்புல யாரு சொல்லுவா?"

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பானட்டில் போனை வைக்கச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். பாலம், கண்டக்டர், புன்னை மரம், எல்லாம். போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப இத்தனை வெள்ளிக்கிழமை நான் கேட்ட சத்தம்?"

"சத்தம் உண்மைதான் அத்தான்."

அவர் அழுதாரா, மூக்கடைப்பா, தெரியவில்லை. கடைசியில், "குரூப்புல நீ ஒண்ணும் போடாத. நான் போட்டத நானே சத்தமில்லாம அழிச்சிருதேன். இங்க எல்லாவன்ட்டயும் என்னன்னு சொல்லி வச்சிருக்கேன், ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். அதனால்தானே இவ்வளவும்.

செப்டம்பர் 20, சனி

அவர் அழித்துவிட்டார். அழித்தது குரூப்பில் இருந்ததைத்தான். ஊர்வாயில் இருப்பதை எந்தப் பட்டனை அழுத்தி அழிப்பது? மத்தியானம் பஸ்ஸில் வரும்போது அண்ணாச்சி கடையைப் பார்த்தேன். மழை பெய்தால்கூட ஒதுங்க இடமில்லாமல் கார் நிற்கும் முற்றத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அவர் பழைய மீட்டரையும் புது மீட்டரையும் ஒரே பேட்டரியில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, கைகூடக் கழுவாமல், குரலில் பதிந்து குரூப்புக்கு அனுப்பினேன். "நான் தங்கத்துரை வீட்டுக்காரி பியூலா பேசுதேன். மாகாளி அண்ணாச்சி போட்டது புது பேட்டரிதான். வண்டியில கோளாறு இல்ல. எனக்கு ஓட்டப் பயம். ஓட்டாம ஓட்டுதேன்னு அவர்ட்டப் பொய் சொன்னேன். அவரு நல்ல ஆளு. தப்பு என் மேல."

அவர் மஸ்கட்டில் நீல டிக்கோடு அதைக் கேட்டுவிட்டார். போன் வரவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

சிரிக்கிற பொம்மைகள் நிறைய. 'பாவம் பியூலா அக்கா', 'பொம்பளைக்கு எதுக்கு கார்', 'தங்கத்துரை டிரைவர் எங்கே'. மாகாளியிடம் மன்னிப்புக் கேட்டு ஒருவரும் ஒரு வரி போடவில்லை. கோயிலில் நவமணி என் கையைப் பிடித்து, "என்ட்டயாவது சொல்லக் கூடாதா?" என்றாள். மகன் காரைத் திரும்ப அவர் கடைக்கு அனுப்புவாயா என்று கேட்டேன். "வேற எடத்துல விட்டாச்சு, இனி என்னத்துக்கு" என்கிறாள்.

நான் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். அவர் கடை மட்டும் காலியாகவே இருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

காலையில் கோயில்குட்டியார் தள்ளிக் கிளப்பிக் கொடுத்தார். கோயில் முனை வந்தது. புன்னை மரத்தைப் பார்க்காமல் நேரே போனேன்.

மேம்பாலத்து ஏற்றத்தில், அதே இடமா என்று சொல்லத் தெரியவில்லை, ஆஃப் ஆனது. பின்னால் ஹாரன். கை வியர்த்து சாவி வழுக்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், திருகினேன், வந்த தூரத்துக்கு ஏறியிருந்த சார்ஜில் பிடித்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி ஆஃப். ஒருவன் பைக்கில் கடந்துகொண்டே என்னவோ கத்தினான். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து சீட்டுக்கு நகரவில்லை.

லேபைத் தாண்டி, ரவுண்டானா சுற்றி, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பி, அண்ணாச்சி கடை முற்றத்தில் ரோட்டுக்குத் தெரியும்படி நிறுத்தினேன். வளைகுடா வீட்டுக் கார்கள் எல்லாம் போகும் வழி அது.

அவர் வந்து பானட்டைத் திறந்தார். எஞ்சினை அணைக்கச் சொல்லி, கொஞ்சம் ஆறவிட்டு, பழைய மீட்டரை வைத்தார். பன்னிரண்டரைக்கு மேல் காட்டியது. மீட்டரை நான் பார்க்கும்படித் திருப்பிப் பிடித்தார்.

"பாலத்து வழியாவா வந்தீங்க?"

"ஆமா அண்ணாச்சி. ரெண்டு தடவை ஆஃப் ஆச்சு."

"ம்." பானட்டை மூடினார். முகத்தில் கோபமில்லை, சிரிப்புமில்லை. "இன்னும் கொஞ்ச நாளைக்கு இந்தத் தூரம் ஓடணும். அப்பத்தான் நிக்கும். நாளைக்கும் கொண்டு வாங்க மேடம், பாப்போம்."

மேடம்.

கடையை விட்டு வெளியே வந்து, காரில் உட்கார்ந்து அழுதேன். எஞ்சினை ஓடவிட்டுத்தான் அழுதேன். நாளைக்கும் போவேன்.